மாண்ட்ரேக்கின் பூர்வீகம்

சென்ற கோடை விடுமுறைக்குக் கூடுவாஞ்சேரி வீட்டுக்கு வந்திருந்த என் பேரன், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டான். அவன் அப்போதுதான் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' என்ற படத்தைப் பார்த்து முடித்திருந்தான். 2016-ல் வந்த அமெரிக்கப் படம். நியூயார்க்கில் பெரிய சர்ஜன் ஒருவருக்கு மோட்டார் விபத்தில் இரண்டு கைகளும் சிதைந்துவிடுகின்றன. வைத்தியம் பலிக்காமல் அவர் காட்மாண்டுவுக்குப் போகிறார். போன இடத்தில் மந்திரம் கற்றுக்கொண்டு திரும்பி வந்து உலகத்தைக் காப்பாற்றுகிறார்.

"தாத்தா, மந்திரம் கத்துக்கணும்னா எல்லாரும் ஏன் இமயமலைக்கே போறாங்க? நம்ம ஊர்லே கிடைக்காதா?" என்றான் பையன்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன்பு இதே கூடுவாஞ்சேரியில், இதே வயசில், இதற்கு நேர் எதிரான கேள்வி என் மனசில் இருந்தது. மந்திரம் எங்கள் ஊரிலேயே கிடைத்தது. அது ஏன் இமயமலைக்குப் போகவில்லை என்பதுதான் அன்று எனக்குப் புரியாத சங்கதி.

நான் சிறுவனாயிருந்தபோது கூடுவாஞ்சேரி இவ்வளவு கட்டடங்களைக் கண்டதில்லை. நந்திவரம் ஏரி, வயல், ஸ்டேஷன், ஜி.எஸ்.டி. ரோடு, சில கடைகள், நூறு இருநூறு ஓட்டு வீடுகள் என்று எண்ணிவிடலாம். ஊர்ப் பெயரைப் பற்றி எங்களுக்குச் சொந்தமாக ஒரு ஸ்தலபுராணம் உண்டு. எவனோ ஒரு சித்தன் இங்கே உட்கார்ந்து கூடு விட்டுக் கூடு பாய்ந்திருக்கிறான், அதனால்தான் கூடுவாஞ்சேரி என்று அடித்துச் சொல்வான் என் சிநேகிதன் ஒருவன். ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பத்து வயசில் அதை நான் முழுசாக நம்பினேன். சாயங்காலம் ஏரிக்கரையில் ஒரு நாய் வைத்த கண் வாங்காமல் என்னைப் பார்த்தால், உள்ளே யார் இருக்கிறார்களோ என்று பயமாயிருக்கும்.

படிப்பதற்கு எங்களுக்கு 'அம்புலிமாமா' உண்டு. 1947 ஜூலையில் தெலுங்கில் 'சந்தமாமா'வாகவும் தமிழில் 'அம்புலிமாமா'வாகவும் நாகிரெட்டியும் சக்ரபாணியும் அதைத் தொடங்கினார்கள். அதே இருவரின் விஜயா நிறுவனம்தான் 1951-ல் 'பாதாள பைரவி'யை எடுத்தது. அதில் மந்திரவாதியாக வந்த ரங்காராவை ஒரு தடவை பார்த்தவர்கள் அந்தத் தாடியையும் அந்தச் சிரிப்பையும் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். பத்திரிகையிலும் சரி, சினிமாவிலும் சரி, எங்களுக்குத் தெரிந்த மந்திரவாதி பொல்லாதவன். பலி கொடுக்க ஆள் தேடுகிறவன், ராஜகுமாரியைச் சிறையெடுக்கிறவன், கடைசியில் ஒரு சாதாரண வாலிபனின் சாமர்த்தியத்தால் அழிந்துபோகிறவன். மந்திரவாதி கதாநாயகனாக இருப்பான் என்பது எங்கள் கற்பனைக்கு எட்டாத விஷயம்.

'மாயாவி' என்ற சொல்லையே பாருங்களேன். ராமாயணத்தில் அது ஓர் அசுரனுடைய பெயர். வாலியை நள்ளிரவில் சண்டைக்கு அழைத்துக் குகைக்குள் இழுத்துப்போனவன் அவன். அவனால்தான் அண்ணன் தம்பிக்குள் தீராத பகை மூண்டது.

இந்த நிலையில்தான் 1972-ல் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' கிளம்பியது. முதல் இதழின் பெயர் 'இரும்புக்கை மாயாவி'. அசுரனுடைய பெயரைக் கதாநாயகனுக்குச் சூட்டிவிட்டார்கள்! அவன் பிறப்பிடம் இங்கிலாந்து. 1962-ல் லண்டனில் தொடங்கிய 'வேலியன்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் அவன் தோன்றினான். லூயி க்ராண்டெல் என்ற ஆய்வுக்கூட உதவியாளன். வலது கை போய் அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் தாக்கினால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆரம்பத்தில் இங்கிலாந்திலும் அவன் கெட்டவனாகத்தான் நடமாடினான். பிறகுதான் திருந்தி அரசாங்கத்துக்குத் துப்பறிகிறவனானான். எங்கள் ஊர்ப் பையன்கள் பிளக்கில் விரலை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. நல்ல வேளையாகப் பல வீடுகளில் அப்போது பிளக் இல்லை.

அவனுக்குப் பின்னால், உயரத் தொப்பியும் வால் கோட்டும் தோளில் அங்கியும் மெல்லிய மீசையுமாக மாண்ட்ரேக் வந்தார். ('வந்தார்' என்றுதான் எழுத வருகிறது. இரும்புக்கை மாயாவியை 'அவன்' என்று சொல்ல முடிகிறது. மாண்ட்ரேக்கைச் சொல்ல முடியவில்லை. கோட்டின் மகிமை!)

அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்தில் 1911-ல் பிறந்த லீ ஃபாக் என்பவரின் சிருஷ்டி மாண்ட்ரேக். 1934 ஜூன் மாதம் தினசரிப் பத்திரிகைகளில் சித்திரத் தொடராக வெளிவரத் தொடங்கியது. பெரும்பகுதியை வரைந்தவர் ஃபில் டேவிஸ். இரண்டு வருஷம் கழித்து அதே ஃபாக் 'ஃபேன்டம்' என்ற முகமூடிக்காரனைப் படைத்தார். அவன் இந்தியாவுக்கு வந்தபோது இந்தியில் வேதாளமானான், வங்காளத்தில் அரண்யதேவன் ஆனான். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

சூப்பர்மேன் பிறந்தது 1938-ல். அதனால் அபூர்வ சக்தி படைத்த சித்திர நாயகர்களில் மாண்ட்ரேக்தான் மூத்தவர் என்று சொல்கிறவர்கள் உண்டு. இன்னொரு வேடிக்கை: சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழிலேயே, பின்பக்கங்களில் ஸதாரா என்ற மந்திரவாதியும் இருக்கிறார். உயரத் தொப்பி, வால் கோட்டு எல்லாம் அப்படியே மாண்ட்ரேக்கின் ஜாடை. 1940-ல் 'கேப்டன் மார்வெல்' வந்தான். ரயில் சுரங்கத்துக்குள் ஒரு கிழட்டு மந்திரவாதி அநாதைப் பையன் ஒருவனுக்கு மந்திர உபதேசம் செய்கிறார். ஸாலமன், ஹெர்குலிஸ் முதலான ஆறு பேருடைய முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஷஸாம்' என்று உச்சரித்தால் இடி இடிக்கும், பையன் மகாபலசாலியாகிவிடுவான். ஆங்கிலத்தில் அது ஆறெழுத்து. 'சரவணபவ' சொல்லி வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? உபதேசம் வாங்கினவன் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னால் என்னாகும் என்ற சிக்கல் மட்டும் அமெரிக்கர்களுக்குத் தோன்றவில்லை. அதற்குத் திருக்கோஷ்டியூர் வேண்டும்.

நிற்க. பேரனுடைய கேள்விக்கு வருகிறேன். மாண்ட்ரேக் எங்கே படித்தார்? இமயமலைப் பிரதேசத்தில் மறைந்திருக்கும் மந்திரக் கல்லூரி ஒன்றில். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் எங்கே படித்தார்? 1963-ல் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்டான் லீயும் அவரைப் படைத்தபோதே, திபெத்து மலைகளில் வாழும் ஒரு முதிய குருவிடம்தான் அனுப்பினார்கள். இவர்களெல்லாம் இமயமலைக்கு டிக்கெட் வாங்கியது எந்த ஸ்டேஷனில்? அதைத் தேடிக்கொண்டு போனால், ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. அடையாற்றில் கொண்டுபோய் விடுகிறது.

பிரும்மஞான சங்கம் 1875-ல் நியூயார்க்கில் பிறந்தது. ருஷ்யப் பெண்மணி ப்ளவாட்ஸ்கி அம்மையாரும் அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டும் அதை நிறுவியவர்களில் முக்கியமானவர்கள். 1882 டிசம்பரில் அவர்கள் அடையாற்றங்கரைத் தோட்ட பங்களா ஒன்றுக்குச் சங்கத்தின் தலைமையகத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அம்மையாருடைய வாக்கின்படி, இமயமலைக்கு அப்பால் திபெத்தில் சில மகாத்மாக்கள் வசிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கூட்ஹூமி. அவர்கள் தபால்காரன் இல்லாமலே கடிதம் அனுப்புவார்கள். கடிதம் கூரையிலிருந்து விழும், மூடிய உறைக்குள் முளைக்கும். அலகாபாத்தில் 'பயனீர்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த ஸின்னெட் என்ற ஆங்கிலேயர் தமக்கு வந்த கடிதங்களை வைத்து 1881-ல் புத்தகமே போட்டார். லண்டனில் அதை விழுந்து விழுந்து படித்தார்கள்.

அடையாறு பங்களாவின் மாடியில், அம்மையாருடைய படுக்கையறையை ஒட்டிய அறையில், சுவரோடு சேர்த்து ஒரு மர அலமாரி இருந்தது. அதைச் சந்நிதி என்றே அழைத்தார்கள். மகாத்மாவுக்கு ஒரு கேள்வி எழுதி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், திறக்கும்போது பதில் இருக்கும். ஒரு சமயம் பீங்கான் தட்டு ஒன்று கீழே விழுந்து உடைந்தது. துண்டுகளைத் துணியில் கட்டி அலமாரிக்குள் வைத்தார்கள். சற்று நேரத்தில் முழுத் தட்டு கிடைத்தது. பார்த்தவர் ஒரு ஜெனரல். ராணுவ ஜெனரல் பார்த்துச் சொன்னால் யார்தான் நம்பாமல் இருப்பார்கள்?

நம்பாமல் இருந்தவர்கள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். வீட்டு நிர்வாகத்தைக் கவனித்துவந்தவள் எம்மா கூலோம். அவள் புருஷன் அலெக்ஸிஸ் தச்சு வேலை, ரிப்பேர் வேலைகளைப் பார்த்துக்கொண்டவன். எம்மா அம்மையாருக்குக் கெய்ரோவிலேயே பழக்கமானவள். 1884-ல் அம்மையாரும் கர்னலும் ஐரோப்பாவுக்குப் போயிருந்த சமயத்தில் வீட்டில் இருந்தவர்களுக்கும் கூலோம் தம்பதிக்கும் சண்டை முற்றி, மே மாதத்தில் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். போனவள் சும்மா போகவில்லை. அம்மையார் தனக்கு எழுதியவை என்று ஒரு கட்டுக் கடிதங்களைப் பாதிரிமார்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அலமாரிக்குப் பின்னால் நகரும் பலகை உண்டு, படுக்கையறைப் பக்கத்திலிருந்து கை விடலாம், எல்லாவற்றுக்கும் நாங்களே உடந்தை என்றாள்.

1884 செப்டம்பரில் அந்தக் கடிதங்கள் அச்சில் வந்தன. வெளியிட்ட பத்திரிகை எது தெரியுமா? சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் மாதப் பத்திரிகை. அப்போது கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்தது. 1937-ல்தான் தாம்பரத்துக்குக் குடிவந்தது. கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறினால் நாலைந்து ஸ்டேஷன். அந்த மரங்களின் நிழலில் எத்தனையோ நாள் உலாவியிருக்கிறேன். இமயமலை மகாத்மாக்களைச் சந்திக்கு இழுத்த பத்திரிகை இந்தக் கல்லூரியுடையது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு லண்டன் ஆத்ம ஆராய்ச்சிச் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரை அடையாற்றுக்கு அனுப்பியது. அவர் மூன்று மாதம் தங்கி விசாரித்து, 1885-ல் அறிக்கை கொடுத்தார். அம்மையார் சரித்திரத்தில் இடம்பெறத்தக்க சாமர்த்தியசாலி, ஆனால் மோசக்காரி என்பது அவர் தீர்ப்பு. கடிதங்கள் ஜோடனை என்று அம்மையார் கடைசிவரை சாதித்தார். அலமாரியைப் பரிசோதிக்கலாம் என்றால், அது அதற்குள் எரிக்கப்பட்டுவிட்டது. நூறு வருஷம் கழித்து, 1986-ல், அதே ஆத்ம ஆராய்ச்சிச் சங்கத்தின் பத்திரிகையில் வெர்னன் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர் ஹாட்ஜ்சனின் அறிக்கை ஒருதலைப்பட்சமானது, நம்பத்தக்கதல்ல என்று எழுதினார். ஆகவே வழக்கு இன்னும் முடியவில்லை. நானும் தீர்ப்பெழுத உட்காரவில்லை.

எனக்கு இதில் பட்டது வேறு விஷயம். அலமாரியின் முன்பக்கத்தில் நின்றவர்கள் ஜெனரல்கள், பத்திரிகை ஆசிரியர்கள், வக்கீல்கள். அவர்களுக்கு அது இமயமலையின் வாசல். அதன் பின்பக்கத்தைத் தினமும் பெருக்கித் துடைத்தவர்களுக்கு அது வெறும் பலகை. கூலோம் பொய்யே சொல்லியிருக்கட்டும். பலகையைப் பற்றிப் பேச அவளுக்கு மட்டும்தான் தோன்றியது.

சென்னை மாணவர்களோ அம்மையார் பக்கம் நின்றார்கள். 1884 டிசம்பரில் அவர் திரும்பி வந்தபோது உற்சாகமாக வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தார்கள். கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்களும் அதில் இருந்தார்கள். தங்கள் கல்லூரிப் பத்திரிகை எழுதியதற்கு எதிராக! இதற்குக் காரணம் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது. உங்கள் முன்னோர்கள் காட்டுமிராண்டிகள் என்று தினமும் வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்த பையன்களிடம், உங்கள் முன்னோர்கள் மகாஞானிகள் என்று வெள்ளைக்காரி ஒருத்தி வந்து சொன்னாள். அவள் அலமாரியை யார் திறந்து பார்ப்பார்கள்?

1885 மார்ச்சில் அம்மையார் சென்னையை விட்டுப் போனார். பிறகு திரும்பவேயில்லை. 1891-ல் லண்டனில் காலமானார். ஆனால் இமயமலை மகாத்மா அவருக்கு முன்பே கப்பலேறிப் போய்விட்டார். அவர் நாவல்களில் புகுந்தார். டால்பட் முண்டி என்ற சாகச நாவலாசிரியர் பிரும்மஞான சங்கத்தோடு நெருங்கிப் பழகியவர். அவர் கதைகளில் திபெத்து குருமார்கள் நிறையவே வருவார்கள். 1933-ல் ஜேம்ஸ் ஹில்டன் எழுதிய 'லாஸ்ட் ஹொரைஸன்' நாவலில் ஷாங்ரி-லா என்ற மறைவான பள்ளத்தாக்கு வந்தது. அடுத்த வருஷம் மாண்ட்ரேக் வந்தார். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்தார் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது வருஷமாக அந்த வாசனை அங்கே காற்றில் இருந்தது. செயின்ட் லூயியில் ஒரு வாலிபன் மந்திரவாதியைப் பற்றிக் கதை கட்ட உட்கார்ந்தால், அவனைப் படிக்க அனுப்ப இமயமலையைத் தவிர வேறு முகவரி அவனுக்குத் தோன்றியிருக்காது.

மாண்ட்ரேக்கின் வித்தைக்கும் இந்திய முகவரி ஒன்று உண்டு. ஆரம்பக் கதைகளில் அவர் நிஜமாகவே மந்திரம் செய்தார். போகப் போக ஃபாக் அதை மாற்றிவிட்டார். மாண்ட்ரேக் கையை ஒரு மாதிரி அசைப்பார். எதிரியின் கையிலிருக்கும் துப்பாக்கி பாம்பாகத் தெரியும். உண்மையில் பாம்பு ஆகாது, அவனுக்கு அப்படித் தெரியும், அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் செய்யும் மனோவசியம். இந்த யோசனை எங்கிருந்து வந்தது? 1890 ஆகஸ்டில் 'சிகாகோ ட்ரிப்யூன்' ஒரு செய்தி போட்டது. இந்தியாவுக்குப் போன இரண்டு அமெரிக்கர்கள் கயிற்று வித்தையைப் பார்த்தார்களாம். வித்தைக்காரன் கயிற்றை வானத்தில் வீசுகிறான், பையன் ஏறி மறைகிறான். ஒருவர் அதை அப்படியே படமாக வரைந்தார், இன்னொருவர் போட்டோ எடுத்தார். போட்டோவைக் கழுவிப் பார்த்தால் கயிறுமில்லை, பையனுமில்லை. வித்தைக்காரன் மட்டும் தரையில் உட்கார்ந்திருக்கிறான். ஆகவே இந்திய வித்தைக்காரன் கூட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் வசியப்படுத்துகிறான்! சில மாதங்களில் அந்தப் பத்திரிகையே இது கட்டுக்கதை, சந்தா சேர்க்க எழுதியது என்று ஒப்புக்கொண்டது. மறுப்பை யார் படிக்கிறார்கள்? கயிறு உலகம் சுற்றியது. 1934-ல் லண்டன் வித்தைக்காரர் சங்கத்தார் கயிற்று வித்தையை உள்ளபடி செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று அறிவித்தார்கள். வாங்க யாரும் வரவில்லை. அதே வருஷம்தான் மாண்ட்ரேக் கையை அசைக்கத் தொடங்கினார்.

இதற்கெல்லாம் முன்னால், 1830-ஐ ஒட்டி, சென்னையில் சேஷால் என்று வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த ஒரு கிழவர் இருந்தார். பலர் முன்னிலையில் தரையிலிருந்து நாலடி உயரத்தில் அந்தரத்தில் உட்கார்ந்து ஜபமாலை உருட்டுவார். ஒரு கை மட்டும் மான்தோல் சுற்றிய ஒரு தடியின் மேல் லேசாக இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் போர்வையால் மறைத்துக்கொள்வார்கள். தடிக்குள்ளிருந்து சட்டைக்குள்ளே ஓடும் இரும்புக் கம்பியைப் பிற்பாடு யூகித்தார்கள். சில வருஷங்களில் ஐரோப்பிய மேடைகளில் வித்தைக்காரர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்தரத்தில் மிதக்க ஆரம்பித்தார்கள். ஆக, தொப்பியும் வால் கோட்டும் தவிர மாண்ட்ரேக்கிடம் இருந்ததில் பாதி இங்கிருந்து ஏற்றுமதியான சரக்கு. (பெயர் மட்டும் ஐரோப்பிய மூலிகை. மனித உருவில் வேர்விடும் செடி; பிடுங்கினால் கத்தும் என்று அங்கே நம்பினார்கள். நம் வெள்ளெருக்கு வேர் கத்துவதில்லை. சாதுவாகப் பிள்ளையாராகிவிடுகிறது.)

இத்தனை தூரம் போய்விட்டு வந்தவர் ஏன் நல்லவராக வந்தார் என்பதுதான் மிச்சம். அமெரிக்கப் பையனுக்கு மந்திரவாதி இருப்பது பதினாயிரம் மைலுக்கு அப்பால். அங்கிருந்து அவன் யார் வீட்டுப் படியையும் ஏற மாட்டான். அதனால் அவன் கதாநாயகனாக இருக்கலாம். எங்களுக்கு அவன் அடுத்த தெரு. இதை எனக்குப் புத்தகம் சொல்லவில்லை.

1973 என்று நினைவு. ஒருநாள் காலை பாட்டியின் இரண்டு வடச் சங்கிலி காணாமற்போயிற்று. வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. போலீசுக்குப் போவது கௌரவக் குறைச்சல். மேற்கே ஒரு கிராமத்திலிருந்து மை போட்டுப் பார்க்கிறவரை அழைத்துவந்தார்கள். பன்னிரண்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்று வேண்டும் என்றார். என்னைத் தலைமுழுக வைத்துக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி, குத்துவிளக்குப் பக்கத்தில் என் கையில் கொடுத்தார்.

"தம்பி, இமை கொட்டாம பாரு. முதல்லே ஆஞ்சநேயர் வருவாரு. இடத்தைப் பெருக்குவாரு. தண்ணி தெளிப்பாரு. வந்துட்டாரா?"

விளக்கு வெளிச்சத்தில் மை பளபளத்தது. என்னவோ அசைந்தது. என் மூக்காகத்தான் இருக்க வேண்டும். கூடம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "வந்துட்டார்" என்றேன்.

"பெருக்கறாரா?"

"பெருக்கறார்."

"இப்ப எடுத்தவங்க வருவாங்க. ஆம்பிளையா, பொம்பிளையா?"

நான் பேசாமல் இருந்தேன். "பொம்பிளைதானே? நல்லாப் பாரு" என்றார்.

"பொம்பிளை."

"புடவை என்ன நிறம்?"

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த அம்மாள் அன்று பச்சைப் புடவை கட்டியிருந்தாள். சற்று முன்தான் கொல்லைப்புறம் என் தலையைத் துவட்டிவிட்டவள் அவள். வேறு நிறம் என் வாயில் வரவில்லை. "பச்சை" என்றேன்.

அதோடு முடிந்தது. அவள் கத்தவில்லை. கூடத்து வாசற்படிக்கு வெளியே நின்று, "கண்ணு, என்னையா பாத்தே? நல்லாப் பாத்துச் சொல்லு" என்று மட்டும் கேட்டாள். நான் வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடிப்போனேன். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரக்கூடாதென்று ஆயிற்று.

தை மாசம் தலையணைக்குப் பஞ்சு அடைக்கிறவன் வந்தான். பாட்டியின் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை உதறினபோது சங்கிலி விழுந்தது. தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தது, தையல் விட்ட இடத்தின் வழியாக உள்ளே போயிருக்கிறது.

அதற்கும் வெகுநாள் கழித்துத்தான் மாண்ட்ரேக் கதை ஒன்று என் கைக்கு வந்தது. இரண்டு அம்புலிமாமா கொடுத்து மாற்றிக்கொண்டது. அட்டை இல்லை, முதல் நாலு பக்கமும் இல்லை. எடுத்த எடுப்பில் மாண்ட்ரேக் கையை அசைக்கிறார். முரடன் ஒருவன் எதையோ பார்த்து அலறுகிறான். அவன் பார்த்தது அங்கே இல்லை என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஒருவர் சொன்னால் இன்னொருவர் இல்லாததைப் பார்க்க முடியும். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். சித்திரக் கதை பையன்களைக் கெடுக்கிறது, மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மை போட்டவரை அழைத்துவந்ததும் அதே பெரியவர்கள்தான்.

அந்தக் கதைகளில் வரும் லோதாரையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க ராஜகுமாரன், மகாபலசாலி. ஆனாலும் பல வருஷம் சிறுத்தைத் தோல் கட்டி, மாண்ட்ரேக்குக்குப் பின்னால் அடிமை மாதிரி நிற்கவைத்திருந்தார்கள். 1964-ல் ஃபில் டேவிஸ் இறந்தார். அடுத்த வருஷத்திலிருந்து ஃப்ரெட் ஃப்ரெடெரிக்ஸ் வரைய வந்த பிறகுதான் அவனை மரியாதையாக உடுத்தி, சிநேகிதனாகப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அந்த மாற்றத்துக்கு முப்பது வருஷம் பிடித்தது.

ஃபாக் 1999-ல் காலமாகும்வரை கதை எழுதிக்கொண்டே இருந்தார். 1964-ல் பம்பாயிலிருந்து கிளம்பிய இந்திரஜால் காமிக்ஸ் 1990-ல் நின்றது. சிவகாசி முத்து காமிக்ஸ் இடையிடையே நின்றும் கிளம்பியும் என் தலைமுறையைக் கிழவர்களாக்கிவிட்டது. பழைய பிரதிகளை இப்போது யானை விலை சொல்கிறார்கள் என்று கேள்வி. என்னுடைய அட்டையில்லாத பிரதி பழைய பேப்பர் கடைக்கு எப்போதோ போய்விட்டது.

இவ்வளவையும் பேரனுக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. கயிற்று வித்தையில் கண்ணை விரித்தான். அலமாரியின் பின்பக்கப் பலகையை ரசித்தான். மை விஷயத்தைச் சொன்னபோது மட்டும் கையிலிருந்த டெலிபோனைக் கீழே வைத்தான்.

"சங்கிலி கிடைச்சப்புறம் அவங்க கிட்டப் போய் சொன்னீங்களா தாத்தா?"

"பாட்டி புதுப் புடவை ஒண்ணு வாங்கிண்டு போனாங்க. என்னையும் கூட்டிண்டு போனாங்க."

"வாங்கிக்கிட்டாங்களா?"

"புடவையை வாங்கிக்கல்லே. எனக்கு மட்டும் குடிக்க மோர் கொடுத்தாங்க."

"அப்புறம் வேலைக்கு வந்தாங்களா?"

"வரல்லே" என்றேன்.